கேள்விகளைக் கடைசியில் கேட்கவும்

ஜாக்கிரதை ஆசாமி என்றொரு இனம் இருக்கிறது. விலங்கியல் புத்தகத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகள் பந்து உதைக்கிற ஏதாவது ஒரு மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். பிள்ளைகளெல்லாம் சும்மா நின்றுகொண்டிருக்க, பெரியவர் ஒருவர் மட்டும் கழுத்தில் விசிலும் கையில் ஒலிபெருக்கியும் இடுப்பில் முதலுதவிப் பையுமாக அங்குமிங்கும் ஓடிக்கொண்டிருந்தால், அவர்தான்.

இவரை அடையாளம் காண மைதானம்தான் வேண்டுமென்பதில்லை. கல்யாண வீட்டுக்கு வந்தால் மணமக்களைப் பார்ப்பதற்கு முன்பு வெளியே போகும் வழி எங்கே என்று பார்ப்பார். இட்லி சாப்பிடப் போனால் தீயணைப்புக் கருவிக்குப் பக்கத்து மேஜையைப் பிடிப்பார். அந்தக் கருவி காலாவதியாகிவிட்டதென்று சர்வரைக் கூப்பிட்டுச் சொல்லுவார். சர்வர் பாவம், சட்னிதான் கேட்கிறார் போலிருக்கிறது என்று இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டுப் போவார். பெங்களூர் சில்க் போர்டு சிக்னலில் வண்டி ஒன்றரை மணி நேரம் நகரவில்லை என்றால் நீங்களும் நானும் பல்லைக் கடிப்போம். இவர் முகம் மட்டும் மலர்ந்திருக்கும். நகராத வண்டிக்கு விபத்து ஏது?

பொம்மனஹள்ளியில் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு கால்பந்துக் கிளப் இருக்கிறது. கிளப் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஹோசூர் ரோட்டிலிருந்து உள்ளே வந்தால் ஒரு கல்யாண மண்டபம். அதற்குப் பின்னால் ஒரு செம்மண் மைதானம். காலை பத்து மணி வரைக்கும் அது மைதானம். அதற்கு மேல் மண்டபத்துக்கு வருகிற கார்கள் நிற்கும் இடம். முகூர்த்த நாளில் பந்து ஆடிக்கொண்டிருக்கும்போதே பட்டுப் புடவைகள் இறங்கும். கோச் மஞ்சுநாத் தமிழும் கன்னடமும் கலந்து கத்துவார். பிள்ளைகளுக்கு இரண்டும் புரியும், இரண்டுக்கும் கீழ்ப்படிய மாட்டார்கள். சந்தோஷமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒருநாள் பெற்றோர் கூட்டத்தில் யாரோ, "பசங்க சேஃப்டியை யாராவது பார்த்துக்கிட்டா நல்லா இருக்கும்" என்றார்கள். சொன்னவர் உட்பட எல்லோரும் உடனே செல்போனைக் குனிந்து பார்த்தோம். நிமிர்ந்தபோது சுந்தரேசன் எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

சுந்தரேசன் ஒரு மென்பொருள் கம்பெனியில் ரிஸ்க் மேனேஜர். அதாவது, எதெல்லாம் கெட்டுப்போகும் என்று முன்கூட்டியே சொல்லுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர். அலுவலகத்தில் அவர் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்று அவர் மனைவி சௌம்யா ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டார். கேட்டுத்தான் தீரவேண்டிய ஒரு கூட்டம் அவருக்குத் தேவையாக இருந்தது. கிடைத்தது, பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணி.

முதல் ஞாயிறே பிள்ளைகளை வெயிலில் வரிசையாக உட்கார வைத்துப் பாதுகாப்பு உரை ஆரம்பித்தார். விளையாட்டு என்றால் என்ன, அபாயம் என்றால் என்ன, பச்சை அபாயம், மஞ்சள் அபாயம், சிவப்பு அபாயம் ஆகியவற்றுக்குள்ள வேறுபாடு என்ன, ஷூ லேஸ் அவிழ்ந்தால் எத்தனை விதமாக விழலாம், விழுந்தால் எந்தப் பக்கம் விழுவது உத்தமம் என்று அவர் சொல்லச் சொல்ல, பிள்ளைகளில் பாதிப்பேர் செம்மண்ணில் படம் வரைய ஆரம்பித்துவிட்டார்கள். பந்து மட்டும் ஒரு மூலையில் அனாதையாகக் கிடந்தது. ஒரு தெருநாய் வந்து அதை முகர்ந்து பார்த்துவிட்டு, உரையையும் கொஞ்சம் கேட்டுவிட்டுப் போயிற்று.

நடுவில், கிருத்திகா என்ற பெண் கையைத் தூக்கினாள்.

"கேள்விகள் கடைசில, ஓகே?" என்றார் சுந்தரேசன்.

கடைசி என்ற ஒன்று வரவில்லை. உச்சி வெயில் வந்துவிட்டது. வெயில் என்பது மஞ்சள் அபாயம். எனவே எல்லோரும் வீட்டுக்குப் போகலாம் என்று அறிவித்துவிட்டார். கிருத்திகாவை நாமும் பிறகு கவனித்துக்கொள்ளலாம். சுந்தரேசனைப் பார்ப்போம், அவர்தான் சுவாரசியம்.

அடுத்தடுத்த வாரங்களில் அவர் செய்த சீர்திருத்தங்களைக் கேளுங்கள். தலையால் பந்தை முட்டக்கூடாது என்றார். சரி, அதில் நியாயம் இருக்கிறது, டாக்டர்களும் சொல்கிறார்கள். மேடுபள்ளமான இடத்தில் பந்தோடு ஓடக்கூடாது என்றார். எங்கள் மைதானத்தில் மேடு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, மூன்றாவதாக ஒன்றும் கிடையாது. உடம்பைச் சூடேற்றும் பயிற்சியில் சுளுக்கிக்கொள்ள வாய்ப்பிருப்பதால், அதற்கு முன்னால் அதற்கொரு பயிற்சி வைத்தார். தன் மகன் கவினுக்கு முழங்காலில், முழங்கையில், தாடையில், பல்லில் என்று கவசம் மாட்டினார். பல்லில் மாட்டிய கவசத்தால் அவன் பேசுவது யாருக்கும் புரியவில்லை. "ங்ண்ணி, ங்ண்ணி" என்று அவன் கதறிக்கொண்டு வந்தபோது, தமிழ் தெரிந்தவர்கள் கன்னடம் என்றார்கள், கன்னடம் தெரிந்தவர்கள் தமிழ் என்றார்கள். பையனுக்குத் தண்ணீர் வேண்டும். அதைக் கண்டுபிடிப்பதற்குள் ஆட்டமே முடிந்துவிட்டது.

மஞ்சுநாத் ஒருநாள் பொறுக்கமுடியாமல் கேட்டார்.

"சார், பசங்க ஆட வந்திருக்காங்க சார். ஸ்வல்ப, கொஞ்சம் ஆட விடுங்க சார்."

"மஞ்சுநாத், ஆடினாத்தான் அடிபடும்."

யோசித்துப் பார்த்தால், ஜாக்கிரதை ஆசாமியின் சித்தாந்தம் முழுவதும் இந்த ஒரு வரிதான். ஆடாத பிள்ளைக்கு அடிபடாது, நனையாத பிள்ளைக்குச் சளி பிடிக்காது, பிறக்காத பிள்ளைக்கு எதுவுமே ஆகாது.

இப்போது கோல் போஸ்டுக்கு வருகிறேன். எங்கள் கோல் போஸ்ட் தரையில் நட்டது அல்ல. கார்கள் நிற்க வழி விட வேண்டுமே, அதனால் தூக்கி ஓரம் வைக்கிற மாதிரி இரும்புக் குழாயில் செய்தது. மஞ்சுநாத் ஒவ்வொரு வாரமும் அதன் பின்னங்கால்கள் மேல் மணல் நிரப்பிய சிமெண்டுச் சாக்கு மூட்டைகளை இழுத்துப் போட்டுவிட்டுத்தான் ஆட்டத்தை ஆரம்பிப்பார். சுந்தரேசனின் முதல் உரையன்று ஆட்டமே ஆரம்பிக்கவில்லை, அதனால் மூட்டையும் ஏறவில்லை. பார்க்க அவலட்சணமாகத்தான் இருக்கும். ஒருநாள் சுந்தரேசன் அதில் ஒரு மூட்டை தடுக்கி, ஒலிபெருக்கியோடு சேர்ந்து குப்புற விழுந்தார். ஒலிபெருக்கி அணையாமல் இருந்ததால், அவர் அப்போது சொன்ன வார்த்தை கல்யாண மண்டபம் வரைக்கும் கேட்டது. நாதஸ்வரம் ஒரு கணம் நின்றுபோனது.

அவ்வளவுதான். மூட்டைகள் சிவப்பு அபாயம் ஆகிவிட்டன.

"பேடா சார், வேண்டாம்," என்றார் மஞ்சுநாத், பதறிப்போய். "அது போஸ்டுக்கு வெயிட்டு சார்."

"இதுவரைக்கும் போஸ்ட் எத்தனை தடவை விழுந்திருக்கு?"

"விழுந்ததே இல்ல சார்."

"மூட்டை தடுக்கி விழுந்தவங்க?"

மஞ்சுநாத் தரையைப் பார்த்தார். "ஒருத்தர் சார். நீங்கதான்."

"பாருங்க! டேட்டா என்ன சொல்லுது? போஸ்ட் விழவே இல்ல. மூட்டையால ஆள் விழுந்தாச்சு. எது ரிஸ்க்?"

டேட்டா என்ற சொல்லுக்கு முன்னால் பெங்களூரில் யாரால் நிற்க முடியும்? நாங்கள் பெற்றோர்கள் அத்தனை பேரும் படித்தவர்கள். கேட்டுவிட்டு ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டினோம். மூட்டைகள் மைதானத்துக் கேட்டுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன. அவற்றைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டப்பட்டது. 'ஆபத்து, அருகில் வராதீர்' என்று ஒரு அட்டையும் மாட்டப்பட்டது. மணலுக்கு இப்படியொரு மரியாதை லாரிக்காரர்கள் கூடக் கொடுத்ததில்லை.

அன்றைக்கு உரையின்போது கிருத்திகா மறுபடியும் கை தூக்கினாள். கேள்விகள் கடைசியில்தானே. தூக்கியபடியே உட்கார்ந்திருந்தாள். கை வலித்ததும் மற்ற கையால் தாங்கிக்கொண்டாள்.

கிருத்திகா யார் என்று இப்போதாவது சொல்லிவிடுகிறேன். எங்கள் அணியின் புதிய கோல் கீப்பர். பின்னல் இரண்டையும் தலைமேல் சுற்றிக் கட்டிக்கொண்டு வருவாள். அவள் அப்பா தனக்கோடி ஏற்காட்டுப் பக்கத்துக்காரர், ஹோசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு. இரவு ஷிப்டு முடித்த கையோடு, தூங்காமல், அவளைக் கூட்டிக்கொண்டு வந்து மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தபடி தூங்குவார். மாதக்கணக்கில் மாற்று ஆட்டக்காரியாகத் தண்ணீர் பாட்டிலுக்குக் காவல் இருந்தவளுக்கு இப்போதுதான் இடம் கிடைத்திருந்தது. காக்ஸ் டவுன் அணியோடு மேட்ச் வருகிறது. அதில் அவள்தான் கோலில் நிற்கப்போகிறாள். அவளுடைய முதல் மேட்ச். கையுறையைப் போட்டுக்கொண்டே தூங்குகிறாள் என்று தனக்கோடி என்னிடம் சொன்னார்.

அந்த மேட்சுக்கு முந்தின பயிற்சி நாளில் சுந்தரேசன் ஒரு புது விதியை அறிவித்தார். யாராவது ஏதாவது ஒரு அபாயத்தைச் சுட்டிக்காட்டினால், அது தீர்த்துவைக்கப்படும் வரை மேட்ச் ரத்து. பிள்ளைகளின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு அணி முழுவதும் அந்த நிமிஷத்திலேயே வாயைப் பூட்டிக்கொண்டது. ஒருத்தனுக்குக் காலில் கண்ணாடி குத்தியிருந்தது. மூச்சு விடவில்லையே!

கிருத்திகாவின் கை மட்டும் மெள்ள மேலே போயிற்று.

"கையை இறக்குடி," என்று பக்கத்திலிருந்த பெண் அவள் விலாவில் இடித்தாள். "மேட்ச் கேன்சல் ஆயிடும்."

"எனக்கு மட்டும் ஆடணும்னு இல்லையா?" என்றாள் கிருத்திகா. கண்ணில் தண்ணீர் நின்றது. கை இறங்கவில்லை.

"கேள்விகள் கடைசில," என்றார் சுந்தரேசன்.

வந்தது ஞாயிற்றுக்கிழமை. ஆடி மாதம். பெங்களூரின் ஆடிக் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாடியில் காயப்போட்ட வேட்டி மடிவாலாவில் கிடைக்கும். ஆடியில் நம்மவர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள்தான், ஆனால் மண்டபத்துக்காரருக்கு ஆடியாவது ஆவணியாவது? அன்று ஏதோ கம்பெனி விழா. பத்து மணிக்குக் கார்கள் வந்துவிடும். எட்டரைக்கு ஆரம்பித்தால்தான் மேட்ச் உண்டு. காக்ஸ் டவுன் பிள்ளைகள் சர்ச்சில் முதல் பூசைக்குப் போய்விட்டு நேராக வேனில் வந்து இறங்கி, பந்தைத் தட்டிக்கொண்டு நின்றார்கள்.

சுந்தரேசன் விடியற்காலையிலேயே வந்து பெரிய ஏற்பாடெல்லாம் செய்திருந்தார். எங்கள் கோல் போஸ்டின் குறுக்குச் சட்டத்தில், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும், கெட்டியான கித்தான் துணியில் ஒரு பதாகை. 'பாதுகாப்பே நம் முதல் கோல்!' என்று கொட்டை எழுத்து. ஓரத்தில் அவர் படம், விசிலோடு. மாநகராட்சி தடை செய்திருப்பதால் ஃப்ளெக்ஸ் வைக்கவில்லையாம். சட்டத்தை மீறுகிற மனிதரா அவர்? நாலு மூலையையும் நைலான் கயிறால் இழுத்துக் கட்டி, அவிழாமல் இருக்க முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தார். காற்றில் அது நன்றாகப் புடைத்துக்கொண்டு படகுப் பாய் போல நின்றது. அழகாக இருக்கிறதென்று நாங்கள் படம் எடுத்தோம்.

போஸ்டுக்கு முன்னால் சுண்ணாம்பில் ஒரு வட்டமும் போட்டிருந்தார். கோல் கீப்பர் உரையின் முடிவில் நிற்க வேண்டிய பத்திரமான இடம். வட்டத்துக்குள் 'சேஃப்' என்று எழுதியிருந்தது.

உரை ஆரம்பமாயிற்று. எட்டரை ஆயிற்று. எட்டே முக்கால் ஆயிற்று. காக்ஸ் டவுன் கோச் கடிகாரத்தைப் பார்த்தார், மஞ்சுநாத் வானத்தைப் பார்த்தார், நான் மண்டபத்து வாசலைப் பார்த்தேன். சுந்தரேசன் அன்று தன் ஸ்கூட்டர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஆபத்துக் காலத்தில் தலையை எப்படிக் காத்துக்கொள்வது என்று செய்து காட்டிக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து பேசியதால் ஒலிபெருக்கியில் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல் மாதிரி கேட்டது. கடைசியாக ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றார். கோல் கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பதாகைக்கு நேர் கீழே போய் நின்றுகொண்டார்.

"கோல் கீப்பர்! வாம்மா, வந்து வட்டத்துல நில்லு."

கிருத்திகா வரவில்லை. வெகு தூரத்தில், பெனால்டி புள்ளிக்குப் பக்கத்தில் நின்றாள். கை மேலே.

"என்னம்மா, வா."

"மாட்டேன் அங்கிள்."

"டிசிப்ளின் வேணும்மா. வட்டத்துல நின்னாத்தான் மேட்ச்."

பிள்ளைகளெல்லாம் அவளைக் கெஞ்ச ஆரம்பித்தார்கள். போய் நில்லுடி, ஒரு நிமிஷம்தான், ப்ளீஸ்டி. ஓரத்தில் தூங்கிக்கொண்டிருந்த தனக்கோடிகூட விழித்துக்கொண்டு, "சார் சொல்றாரு இல்ல? போம்மா" என்றார். அத்தனை மாதம் காத்திருந்த மேட்ச் ஒரு எட்டு தூரத்தில் நிற்கிறது. அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள்.

"எவ்ளோ நாளா கை தூக்கிட்டே இருக்கேன் அங்கிள்."

"அதான் சொன்னேனேம்மா, கேள்விகள் கடைசி—"

காற்று அடித்தது. கித்தான் டப்பென்று விம்மியது. பின்னங்கால்கள் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. கோல் போஸ்ட், இத்தனை நாளும் டேட்டாவில் விழாத கோல் போஸ்ட், நிதானமாக முன்பக்கம் சாய்ந்து, போகிற போக்கில் சுந்தரேசனின் ஹெல்மெட்டை 'டங்' என்று ஒரு உரசு உரசிவிட்டு, தடாலென்று விழுந்தது.

புழுதி அடங்கியது. குறுக்குச் சட்டம், சுண்ணாம்பு வட்டத்துக்குக் குறுக்கே கிடந்தது. 'சேஃப்' என்ற சொல்லின் சரி நடுவில் இரும்பு பதிந்திருந்தது. தனக்கோடி எழுந்து ஓடிப்போய் மகளின் தலையை, தோளை, கையைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒன்றும் ஆகாத பிள்ளையை அப்படித் தடவிப் பார்த்த மனிதரை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. "போம்மான்னு சொன்னேனே, நானே சொன்னேனே" என்று அரற்றினார்.

வலைக்குள் ஏதோ அசைந்தது. வலையும் கித்தானும் சுற்றிய ஒரு உருண்டை. அதிலிருந்து ஹெல்மெட் ஒன்று எழும்பியது.

"பார்த்தீங்களா!" என்றது அந்த ஹெல்மெட், வெற்றி முழக்கத்தோடு. "பார்த்தீங்களா எல்லாரும்? ஹெல்மெட் போட்டிருந்தேன், தப்பிச்சேன்!"

சிரிப்பு எங்கிருந்து கிளம்பியது என்று தெரியவில்லை. கவின்தான் முதலில் என்று நினைக்கிறேன், பல் கவசத்தைத் துப்பிவிட்டுச் சிரித்தான். பிறகு பிள்ளைகள், பிறகு காக்ஸ் டவுன், பிறகு மண்டபத்துச் சமையல்காரர்கள். பயந்த பிறகு வருகிற சிரிப்பு லேசில் நிற்காது. சிரிக்காதவர் சுந்தரேசனின் மனைவி சௌம்யா ஒருவர்தான். அவர் நேராகக் கிருத்திகாவிடம் போய்க் குனிந்தார்.

"இப்ப சொல்லும்மா. என்ன கேள்வி?"

"கேள்வி இல்ல ஆன்ட்டி," என்றாள் அவள். "போஸ்ட் ஆடுது. அதைச் சொல்லத்தான்."

சௌம்யா நிமிர்ந்து புருஷனைப் பார்த்த பார்வைக்கு எந்த ஹெல்மெட்டும் தாங்காது. பிறகு கேட்டுக்குப் போனார், மஞ்சள் நாடாவைப் பிய்த்து எறிந்தார், ஒரு மூட்டையின் காதைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். அதற்கப்புறம் கூட்டமே மூட்டை தூக்கியது. டை கட்டி வந்த ஒரு விழா விருந்தினர்கூட ஒரு மூட்டைக்குக் கை கொடுத்தார். மஞ்சுநாத் பதாகையைக் கழற்ற முயன்று, முடிச்சு அவிழாமல், சமையல்கட்டிலிருந்து கத்தி வாங்கி அறுத்தார். போஸ்டை எல்லோரும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். அசையவில்லை. கிருத்திகா கடைசியாக வந்து தானும் ஒரு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையுறையை மாட்டினாள்.

கார்கள் ஹாரன் அடிக்க அடிக்க, ஒரு பாதி ஆட்டம் மட்டும் நடந்தது. இரண்டு கோல் வாங்கித் தோற்றோம். ஆனால் ஒரு பெனால்டியை அந்தப் பெண் பாய்ந்து பிடித்தாள் பாருங்கள், தனக்கோடி அன்றைக்கு வீட்டுக்குப் போயும் தூங்கியிருக்க மாட்டார்.

சுந்தரேசன் திருந்தினாரா? என்ன கேள்வி இது! அன்று மாலையே பெற்றோர் வாட்ஸப் குழுவில் அவரது அறிக்கை வந்துவிட்டது. காற்று இனிமேல் சிவப்பு அபாயம். மைதானத்துக்கு வரும் பெற்றோர் அனைவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். மூட்டைகளைப் பற்றி, 'பங்குதாரர்களின் கருத்துக்கேற்ப மாற்றியமைக்கப்பட்டது' என்று ஒரு வரி. கடைசியில், இது குறித்து அடுத்த ஞாயிறு ஒரு உரை உண்டு என்றும், கேள்விகளை உரையின் முடிவில் கேட்கலாம் என்றும் இருந்தது. நாங்கள் எல்லோரும் கட்டை விரலைத் தூக்கி ஆமோதித்தோம்.

நீங்கள் இப்படிப்பட்டவர் இல்லை என்பது எனக்குத் தெரியும். நீங்கள் விசில் மாட்டுவதில்லை. இட்லிக் கடையில் தீயணைப்புக் கருவியைத் தேடுவதில்லை. சுந்தரேசனைப் பார்த்து நன்றாகச் சிரித்தீர்கள், எனக்கும் சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அந்தப் பெண் முதல் தடவை கை தூக்கியபோது, அவளைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று உங்களிடம் சொன்னேன். நீங்கள் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. தண்ணீருக்குக் கதறிய கவினையும், மண்டபத்து நாதஸ்வரத்தையும் ரசித்துக்கொண்டு என் கூடவே வந்துவிட்டீர்கள். அவள் கை அத்தனை நேரமும் மேலேதான் இருந்தது.

போகட்டும். இதை மூடி வைத்துவிட்டு, உங்கள் வீட்டுக் கூடத்தை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். யாராவது உங்களிடம் எதையோ சொல்ல வந்து, "அப்புறம், அப்புறம்" என்று நீங்கள் சொன்னதால் நின்றுகொண்டிருக்கிறார்களா? சீக்கிரம் கேட்டுவிடுங்கள். கை வலிக்கும்.